நாலாவது பத்தி

ஒரு மணிக்குள் ப்ரெஸ்ஸுக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டு மலர் வேலையைப் பார்க்கிற ஞானசிகாமணி சார் வராந்தாவுக்குப் போய் அரை மணி நேரம் ஆகிவிட்டது. பேராயர் மாசிலாமணி இன்னும் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றவில்லை. மேசையில் இரண்டு தாள். ஞாயிற்றுக்கிழமை அவர் ஓய்வு பெறுகிறார், அன்று கதீட்ரலில் கொடுக்கப்போகும் மலரில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பு வருகிற இரண்டு பக்கங்கள் அவை, பிழை பார்க்க வந்திருக்கின்றன. இந்த மேசையில் எத்தனையோ தாள்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், படிக்காமலே போட்டதும் உண்டு, ஆனால் தன்னைப் பற்றிய தாள் கையில் இப்படிக் கனக்கும் என்று நினைத்ததில்லை. பிறந்த ஊர், தகப்பனார் உபதேசியார், தாயார் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது, செமினரி, டீக்கன், குருப்பட்டம், பிறகு ஒன்றன்பின் ஒன்றாக அவர் குருவாக இருந்த சேகரங்கள், தண்டவாளத்து ஓர ஸ்டேஷன் பெயர்கள் மாதிரி. எல்லாம் சரிதான், எல்லாம் நடந்ததுதான். நாலாவது பத்தியில் வந்ததும் கண் நின்றுவிடுகிறது. மணல்குளம் சேகரத்தில் பணியாற்றியபோது, கல்லறைத் தோட்டத்தை இரண்டாகப் பிரித்து நின்ற சாதிச் சுவரைத் தம் கையாலேயே இடித்தார். ஒரே ஒரு வாக்கியம். அந்தச் சுவரை அவர் இடிக்கவில்லை. இடித்தவர் பரஞ்சோதி. இடித்தது குற்றம் என்று பரஞ்சோதியை விசாரித்து எழுதிக்கொடுத்த மூன்று பேரில் ஒருவர்தான் மாசிலாமணி. ஆக, இதை அடிக்க வேண்டும். அடிக்க எவ்வளவு நேரம் ஆகும், மூடியைக் கழற்றி ஒரு கோடு இழுக்கிற நேரம். மின்விசிறி காற்றில் தாளின் நுனி எழும்பி எழும்பி விழுந்தது. அவர் பேனாவைத் தாளின் மேல் பாரமாக வைத்தார்.

ஐப்பசி மழை, முப்பது வருஷம் இருக்கும், இல்லை முப்பத்தொன்று. அன்னபாக்கியம் என்று ஒரு அம்மாள், மணல்குளம் கோயிலை நாற்பது வருஷம் பெருக்கியவள், இறந்துபோனாள். அவள் ஆட்களுக்கு என்று ஒதுக்கிய மேற்குப் பக்கம் பள்ளம், தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. சுவருக்குக் கிழக்கே மேடு, அங்கே குழி தோண்டச் சேகரக் கமிட்டி சம்மதிக்கவில்லை. மழை விடட்டும் என்றார்கள். பெட்டி மழையில் நின்றது. சேகரத்துக் குருவாக, ஐயராக இருந்த பரஞ்சோதி அடக்க ஆராதனைக்குப் போட்ட வெள்ளை அங்கியோடு குழிவெட்டியின் கடப்பாரையை வாங்கிச் சுவரைக் குத்தினார், பெட்டி போகிற அளவுக்கு மட்டும். இதெல்லாம் கேள்விப்பட்டதுதான். மாசிலாமணி கண்ணால் பார்த்தது மூன்று வாரம் கழித்து விசாரணைக் கமிட்டியோடு போனபோது, அந்த இடைவெளியை மட்டும். மூன்று பேரில் வயதில் சின்னவர் என்பதால் அளவு நாடாவை அவரிடம் கொடுத்தார்கள். இரும்பு நாடா. ஒரு முனையைக் கிழக்குக் கல்லில் வைத்து மறுமுனையை இழுத்தார், நாலரை அடி. "எழுதிக்கிடுங்க, நாலரை அடி" என்றார் தலைவர். பரஞ்சோதி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். செமினரியில் நாலு வருஷம் அடுத்த கட்டிலில் படுத்தவன், தமிழில் மெடல் வாங்கியவன், மாசிலாமணியின் பிரசங்கங்களில் சந்திப்பிழை திருத்திக் கொடுத்தவன். "ஏல மாசி, அப்படியே என் தோள் அகலத்தையும் அளந்துக்கிடு. நாளைக்கு எனக்கும் அந்த வழிதான்" என்றான். மற்ற இரண்டு பேரும் சிரிக்கவில்லை. தான் சிரித்தோமா? இங்கேதான் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்கிறது. சிரித்திருந்தால் அவன் பக்கம் கொஞ்சமாவது நின்றதாக ஆகும். சிரித்த மாதிரியும் இருக்கிறது. நாடா சுருண்டு பாய்ந்து விரலைக் கீறியது மட்டும் நிச்சயம், அந்தத் தழும்பு கட்டைவிரலின் உள்பக்கம் இருக்கிறது, அதை யாரிடமும் காட்டிக் கேட்க முடியாது, நான் அன்று சிரித்தேனா என்று.

அறிக்கையை எழுதியதும் அவர்தான், மற்ற இரண்டு பேருக்கும் எழுத்து வராது. சேகரக் கமிட்டியின் அனுமதியின்றித் திருச்சபைச் சொத்துக்குச் சேதம் விளைவித்தார். அந்த வாக்கியத்தை எழுதி முடித்ததும் நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு திருப்தி ஏற்பட்டது, அது இப்போதும் ஞாபகம் இருக்கிறது, அதுதான் கூசுகிறது. பொய் ஒன்றுமில்லை அதில். அனுமதி இல்லைதான், சொத்துதான், சேதம்தான். அன்னபாக்கியம் என்ற பெயர் மட்டும் அதில் எங்கும் வரவில்லை. பரஞ்சோதியைக் கரிசல் காட்டில் பஸ் போகாத ஒரு சேகரத்துக்கு மாற்றினார்கள், அங்கிருந்து இன்னொன்று, பத்து வருஷத்தில் ஏழு ஊர். மணல்குளத்துக்கு மாசிலாமணியைப் போட்டார்கள். அவர் போனபோது சுவர் முக்கால்வாசி இல்லை. திறந்த இடைவெளியிலிருந்து ஆளுக்கொரு கல்லாக, துவைகல்லுக்கும் வாசற்படிக்கும் என்று இரண்டு பக்கத்து ஜனமும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மிச்சத்தை அப்புறப்படுத்தி, தரையைச் சமன் செய்து, அப்போதிருந்த பேராயரை அழைத்துப் பிரதிஷ்டை வைத்து, வாசலில் ஒரு கல்வெட்டும் பதித்தார். கல்வெட்டில் சேகரத் தலைவர் என்று அவர் பெயர். பிறகு பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து பெயரைப் பார்த்து இவர்தான் இடித்தவர் என்று எழுதிக்கொண்டு போனார். பிறகு பேராயர் தேர்தல், சுவரை இடித்த கரம் என்று நோட்டீஸ். நான் அச்சடிக்கவில்லை, ஆதரவாளர்கள் அடித்தார்கள். மறுத்திருக்கலாம்தானே, தேர்தல் நேரத்தில் மறுத்தால் அதையே பிடித்துக்கொண்டு ஆடுவார்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். சுவரை இடித்தவன் என்று நம்பி மேற்குப் பக்கத்து ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். இடித்தது இவன் இல்லை என்று தெரிந்து கிழக்குப் பக்கத்து ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்துதான் அவருடைய தலையில் கைவைத்தார்கள். அபிஷேக நாளில் முழங்காலில் நின்றபோது ஐந்து பேராயர்களின் கைகள் தலையில் இறங்கின, அந்தக் கனத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களில் கண்கலங்கச் சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் அவர் நினைத்தது, பரஞ்சோதி எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறான் என்பதை.

"என்னங்க, அந்த மரப்பெட்டிய எடுத்துக்கிடவா, பங்களாவுக்குன்னு விட்டுரவா?" மனைவி சுகிர்தம் கதவில் நின்றாள். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள், முன்கை முழுக்கப் பழைய செய்தித்தாளின் மை. நாலு நாளாக அவள்தான் வீட்டுச் சாமான்களை மூட்டை கட்டுகிறாள்.

"எந்தப் பெட்டி?"

"உங்க பழைய அங்கி கெடக்குல்லா, அது. ஏன் மொகம் இப்படி இருக்கு, சுகர் எறங்குதா?"

"இல்ல. இதப் படிச்சிக்கிட்டு இருக்கேன்."

"பன்னெண்டு வருஷமா ஊரே எந்திரிச்சு நின்னு பாராட்டுனத ஒக்காந்து படிக்க இம்புட்டு நேரமா?" என்றாள். போக இருந்தவள் திரும்பினாள். "பரஞ்சோதி அண்ணன் ஞாயித்துக்கெழம வாராங்களாம். மதினி போன்ல சொன்னாவ. சக்கர நாற்காலிய எங்க வைக்கன்னு கதீட்ரல்ல சொல்லி வைங்க. முன்னால வைக்கச் சொல்லுங்க, பாவம்."

முன்னால். முன் வரிசையில், நடைபாதை ஓரம். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோன பிறகு இரண்டு தடவை போய்ப் பார்த்திருக்கிறார், ஜெபித்திருக்கிறார், அவன் மூடிய கண்ணின் வழியே தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றி ஜெபத்தைச் சுருக்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவன் மடியில் இந்த மலர் இருக்கும். இடக்கையால் புரட்டுவான். பேராயர் ஆன அன்றிலிருந்து அவன் மாசி என்று கூப்பிடவில்லை, தனியாக இருக்கும்போதும் பிஷப்பய்யாதான், வாங்க போங்கதான். அதைவிடக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருக்கலாம். ஒரு தடவை, பதவிக்கு வந்த இரண்டாம் வருஷம், கதீட்ரலில் உதவி ஐயராக வா என்று கேட்டார், பெரிய வீடு, ஆஸ்பத்திரி பக்கம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். "வேண்டாம் பிஷப்பய்யா, எனக்கு மேடு ஒத்துக்கிடாது" என்றான். வீட்டுக்கு வந்து அதைச் சுகிர்தத்திடம் சொன்னபோது, ஆளுக்கு அகங்காரம் போகவில்லை என்று சேர்த்துச் சொன்னார். இல்லை, கேட்டதுகூட எதற்காக, அவனுக்காகவா, கண்ணெதிரே வைத்துக்கொண்டால் மனசு அடங்கும் என்றா. இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அதுவும் ஒரு ஜெபம் மாதிரி வாய்ப்பாடம் ஆகிவிட்டது, கேட்டுக்கொள்வதால் நான் கொஞ்சம் நல்லவன் என்று ஒரு நினைப்பு வேறு.

பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். நாலாவது பத்தியைத் தொடாமல் தாயார் பெயரில் விட்டுப்போன எழுத்தைப் போட்டார். ஐந்தாவது பத்தியில் ஒரு ஊர்ப் பெயரைத் திருத்தினார். இரண்டாம் பக்கத்தின் அடியில், கடைசி வாக்கியத்தில், மந்தையைப் பன்னிரண்டு ஆண்டுகள் உண்மையாய் மேய்ந்தார் என்று இருந்தது. ஒரு தடவை படித்துவிட்டுத் தாண்டி, திரும்பி வந்தார். மேய்த்தார் என்று இருக்க வேண்டும். மேய்ந்தார். சிரிப்பு வந்தது, வயிற்றிலிருந்து வராமல் மூக்கு வழியாக. வல்லின த் இருக்க வேண்டிய இடத்தில் ந், அவ்வளவுதான், மேய்ப்பன் ஆடாகிவிட்டான், ஆடுகூட இல்லை, ஆடுகளையே தின்கிற என்னவோ ஒன்று. மேய்ந்தேனா? வருஷா வருஷம் சித்திரையில் இதே மேசையில் மாறுதல் பட்டியல். வராந்தாவில் வரிசையாக ஐயர்மார், பிள்ளைக்குப் பரீட்சை, அம்மாவுக்கு ஆபரேஷன் என்று தரையைப் பார்த்துச் சொல்லுவார்கள், சொல்லும்போது அவர்கள் குரலில் வருகிற நடுக்கத்தை அவர் வெறுத்தார், நடுங்காமல் சொன்னவர்களை அதைவிட வெறுத்தார். எத்தனை பொன்னாடை. எத்தனை திடப்படுத்தல் ஆராதனை, எண்ணெய் வழிகிற தலைகள், கனகாம்பரம் வாடின தலைகள், கை வைத்துக் கை வைத்துக் கடைசி வரிசைக்கு வரும்போது உள்ளங்கை பிசுபிசுக்கும், எப்போது கழுவலாம் என்றுதான் மனசு ஓடும், வாய் ஆசீர்வாதம் சொல்லிக்கொண்டிருக்கும். கோர்ட்டுக்கு எழுதிக்கொடுத்த சத்தியப் பிரமாணங்கள். சபைப் பெருமன்றக் கூட்டத்தில் நாற்காலி பறந்த வருஷம், போலீஸ் வேனுக்குப் பின்னால் இந்த வீட்டுக்கு வந்தது. தனியாக முழங்காலில் நின்றால் தன் குரலே மைக்கில் கேட்பது போலக் கேட்கிறது, யாருக்கோ கேட்கட்டும் என்று பேசுகிற குரல், ஆண்டவருக்கு இந்தக் குரல் அலுத்துப்போயிருக்கும். மேய்ந்தார். ஞானசிகாமணி சார் முப்பத்தைந்து வருஷம் தமிழ் வாத்தியார், இதை எப்படி விட்டார்? மணியை அடித்தார்.

சார் வேட்டியைத் தழையவிட்டுக்கொண்டே வந்தார். "முடிஞ்சுதாய்யா?"

"இது என்ன சார், கடைசி வரி?"

சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார். நாக்கைக் கடித்தார். "ஐயையோ. மேய்ந்தார்னு விழுந்திருக்கே. டிடிபி பண்ற பொண்ணு பண்ணினதா, நானேதான் அப்படி எழுதிட்டேனா... அவுக வாய் கொஞ்சம் கொழறுதுல்லா, நான் காதுல விழுந்தத அப்படியே எழுதிட்டு வந்தேன்."

"யாரு வாய்?"

"பரஞ்சோதி ஐயர் வாய். ஐயாகூட ஒண்ணாப் படிச்சவக உள்ளூர்ல அவுக ஒருத்தர்தான. போய்க் கேட்டேன். சொல்லச் சொல்ல எழுதினேன். முழுக்க அவுக சொன்னதுதான், தேதி மட்டும் நான் ஆபீஸ் ஃபைல்ல சரி பார்த்துக்கிட்டேன்."

மின்விசிறி சுற்றியது. தெருவில் ஒரு பால்வண்டி போனது, காலிக் கேன்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம்.

"இந்தச் சுவரும் அவர் சொன்னதா?"

"அதத்தான்யா மொதல்ல சொன்னாக. நான் எனக்கு வெவரம் சரியாத் தெரியாதுங்கவும், 'அது எப்படி வாத்தியாரே தெரியாமப் போகும், பிஷப்பய்யா தன் கையாலேயே இடிச்சாக, எழுதும், கையாலேயேன்னு போடும்'னாக. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாக. சிரிச்சாகளா என்னன்னு நிச்சயமாச் சொல்ல முடியல. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு இருக்குல்லா, சும்மா இருந்தாலும் சிரிக்கிற மாதிரிதான் இருக்கு." சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டே முக்கால் ஆகுதுய்யா."

"வெளிய இருங்க. கூப்பிடுதேன்."

கையாலேயே. அவன் சொன்ன வார்த்தை. என்ன அர்த்தத்தில் சொன்னான்? மன்னித்து, போகட்டும், வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டானா, கிழவனாகி, ஒரு பக்கம் செத்து, இனி எனக்கு எதற்கு இந்தச் சுவர் என்று. அப்படியென்றால் இதை அடிப்பது அவன் கொடுத்ததைத் தட்டிவிடுவது. அல்லது, அடிக்கிறானா பார்ப்போம் என்று வைத்த கண்ணியா, ஞாயிற்றுக்கிழமை முன் வரிசையில் உட்கார்ந்து பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வருகிறானா. மேய்ந்தார் என்று அவன்தான் சொன்னானா, குழறினானா, தமிழில் மெடல் வாங்கியவனுக்குச் செத்த நாக்கிலும் த் எது ந் எது என்று தெரியாதா. மன்னிப்பா, கண்ணியா, குழறலா. மூன்றில் எது என்று தெரிந்தால் என்ன செய்வது என்று தெரிந்துவிடும். இல்லை, அதுவும் பொய். எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான், பரஞ்சோதி இடித்தார், நான் அளந்தேன். பேனா முனையைத் தாளில் ஊன்றினார். இடித்தார் என்பதற்கு மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் இடிக்கப்பட்டது என்று எழுதிப் பார்த்தார். இவர் காலத்தில் சாதிச் சுவர் இடிக்கப்பட்டது. இடித்தது யார் என்று அதில் யாரும் கேட்க மாட்டார்கள், அலுவலகத் தமிழில் எல்லாமே தானாகப் பட்டுக்கொள்ளும், நியமிக்கப்பட்டது, நீக்கப்பட்டது, மாற்றப்பட்டது. அவர் காலத்திலும் இல்லையே அது. அதை அடித்தார். இடிந்தது என்று எழுதினார். சுவர் இடிந்தது. இங்கேயும் அதே ந். அந்த ஒரு எழுத்துப் போட்டால் சுவர் தானே விழுந்துவிடுகிறது, மழையில் ஊறி, வயதாகி, யாரும் தொடாமல். கடப்பாரை இல்லை, நனைந்த அங்கி இல்லை, பெட்டி இல்லை. அதையும் அடித்தார். ஓரத்தில், சின்ன எழுத்தில், வேகமாக, நிறுத்தினால் நின்றுவிடும் என்று பயந்தவர் போல எழுதினார். இச்சுவரை இடித்தவர் அருள்திரு பரஞ்சோதி. அவரை விசாரித்துத் தண்டனைக்குப் பரிந்துரைத்த கமிட்டியில் நான் இருந்தேன். இருந்தேன் என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குறிப்பு முழுவதும் அவர் அவர் என்றே போகிறது, இங்கே மட்டும் ஒரு நான் திடீரென்று எழுந்து நிற்கிறது. நெஞ்சில் ஏதோ இளகுவது போல, முப்பது வருஷத்தில் முதல் முறையாக மூச்சு அடிவரை போவது போல இருந்தது. மணியை அடித்தார், மனசு மாறுவதற்குள்.

ஞானசிகாமணி சார் ஓரத்தில் எழுதியதை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, முப்பத்தைந்து வருஷம் விடைத்தாள் திருத்திய முகம்.

"சரிங்கய்யா" என்றார். பிறகு, "இடந்தான் இல்ல."

"என்ன?"

"பக்கம் நிறைஞ்சு போச்சுய்யா. ரெண்டு வரி கூடினா அடுத்த பக்கத்துக்குத் தள்ளும், அங்க ஆளுநர் வாழ்த்து. ஏதாவது எடுத்தாத்தான் இதப் போடலாம். இங்கிலாந்து மாநாடு ரெண்டு வரி இருக்கு, அத எடுத்துரவா?"

பேராயர் இங்கிலாந்து மாநாட்டைப் பார்த்தார். உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் அறுநூறு பேர் நடுவில் அவர் எழுந்து நாலு நிமிடம் பேசினார், இந்தியாவில் சாதியைப் பற்றி. அது போனால் குறிப்பில் வெளிநாடே இல்லை. "அது இருக்கட்டும்" என்றார்.

"அப்போ நர்சிங் கல்லூரி?"

"அது ஜனங்களுக்குச் செஞ்சது."

"ஆமா, அது இருக்கணும்." சார் இரண்டு தாளையும் மேலும் கீழுமாகப் பார்த்தார். "ஐயா தப்பா நெனைக்கப்படாது. இது வழியனுப்புற மலரு. ரெண்டாயிரம் காப்பி வீட்டுக்கு வீடு போவுது. இதப் படிச்சா மணல்குளத்துக்காரங்க ரெண்டு பக்கமும் மறுபடியும் கெளம்புவாங்க. ஐயா போயிருவீக, வாரவுக பாடு என்னாவும்? பரஞ்சோதி ஐயரையும் போய்த் தொந்தரவு பண்ணுவான் பத்திரிகைக்காரன், ஒடம்பு தாங்குமா?"

இது நியாயம். அதுதான் பயங்கரம், எல்லாமே எப்போதும் நியாயமாக இருக்கிறது. அன்று ஒழுங்கு நியாயம், தேர்தலில் அமைதி நியாயம், இன்று ஒரு நோயாளியின் உடம்பு நியாயம். இளகிய இடம் மெல்ல மறுபடி இறுகுவதை அவர் உணர்ந்தார், அது வலிக்கக்கூட இல்லை, பழக்கப்பட்ட நாற்காலியில் சாய்வது போலத்தான் இருந்தது. பொய்யை விட வேண்டாம். உண்மையைப் போட இடம் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, ஒருவரும் நெளியாமல் போகிற அளவுக்கு அகலமான வழி.

"அந்தப் பாராவையே எடுத்திருங்க" என்றார்.

"சுவரையா?"

"சுவரே வேண்டாம். நான் ஓரத்துல எழுதினதும் வேண்டாம். நாலாவது பாரா முழுசா."

"பரஞ்சோதி ஐயர் கேட்டா?"

"நான் பேசிக்கிடுதேன்."

பேசமாட்டோம் என்று சொல்லும்போதே தெரிந்தது. சாருக்கும் தெரிந்தது போலிருந்தது, அவர் தலையைக் குனிந்து நாலாவது பத்தியின் நாலு மூலையையும் சேர்த்துப் பெருக்கல் குறி போட்டார், வகுப்பில் போட்ட பழக்கம், கோணாமல், அழுத்தமாக. மேய்ந்தாரையும் மேய்த்தார் ஆக்கினார். பிறகு தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இப்ப அந்த எடம் வெறிச்சுன்னு இருக்கும்யா. மேல கீழ எழுத்து, நடுவுல ரெண்டு விரல் வெள்ளை. பார்க்கிறவன் என்னமோ விட்டுப்போச்சும்பான்." சட்டைப் பையிலிருந்து ப்ரெஸ்காரர் கொடுத்த மாதிரித் தாளை எடுத்து விரித்தார். வரிசையாகச் சின்னப் படங்கள். "ஒரு பூ வச்சு அடைச்சிருவோம். லீலி இருக்கு, புறா இருக்கு. எது போடச் சொல்லட்டும்?"

பேராயர் தாளை வாங்கிக்கொண்டார். புறாவின் அலகில் ஒரு இலை, இறக்கை கொஞ்சம் மொத்தமாக இருந்தது. லீலி மெலிந்த கோடுகளில் நன்றாக வரைந்திருந்தது. ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார், இன்று காலையிலிருந்து எந்த வரியையும் இவ்வளவு அக்கறையாகப் பார்க்கவில்லை.

"புறா அட்டையிலேயே இருக்கு" என்றார். "லீலி போடுங்க."